குளிக்க இறங்கினாள் என்று சொன்னோம்

அடுத்த மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் எல்லாரும் கூடப்போகிறோம் என்று கைபேசியில் செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செய்தியோடு யாரோ அந்தப் பழைய படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். எட்டுப் பெண்கள், சாக்கட்டி தேய்த்து வெளுத்த கான்வாஸ் ஷூ, எட்டுப் பேர் கையிலுமாக ஒரு நீள மூங்கில். அதன் கீழே வரிசையாகப் பூவும் இதயமும் போட்டிருந்தீர்கள். ‘ஓரத்தில் உயரமாக நிற்பது யார், பெயர் மறந்துவிட்டது’ என்று ஒருத்தி கேட்டாள். ‘அது ஆற்றில் குளிக்கப் போய் இறந்துபோன பெண்’ என்று இன்னொருத்தி பதில் போட்டாள்.

பதில் போட்டவள் அன்று ஆற்றங்கரையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள்.

அதனால்தான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பதை ஒட்டி வந்துவிட்டது. எனக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. உங்களில் இரண்டு பேர் பாட்டியாகிவிட்டீர்கள். பாதிப் பேருடைய பெயரும், படித்த பாடமும், டீச்சர்களின் முகமும் மறந்துபோயிற்று. அந்தப் பொய் ஒன்றை மட்டும் வரி மாறாமல் வைத்திருக்கிறோம். உங்களில் ஐந்து பேருக்கு நான் எழுதப்போவது எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு நாங்கள் சொன்னதுதான் தெரியும்.

தொண்ணூற்று மூன்றாக இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. சிங்காநல்லூரில் அப்போது மில் சங்கை வைத்துத்தான் மணி பார்ப்போம். பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் ஒரு வார்ப்படப் பட்டறை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சுட்ட மண் வாசனை வகுப்புக்குள் வரும், நோட்டுப் புத்தகத்தைத் திருப்பினால் விரலில் கரி ஒட்டும். அந்த வருடம் புதிதாக வந்த விளையாட்டு டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பெண்பிள்ளைகள் வளையம் வீசி விளையாடினால் போதும் என்றிருந்த பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை சனிக்கிழமை எங்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு ‘நடைக்குழு’ என்று பெயரும் வைத்தார். முதலில் குளக்கரை, பிறகு பக்கத்து ஊர்க் கரடுகள். இருபது பேரில் தொடங்கி, வெயிலிலும் வீட்டு வசவிலும் கழிந்து, எட்டுப் பேர் மிஞ்சினோம்.

காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் மலைக்கு என்று முடிவானதும் டீச்சர் ஒரு கையேடு வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். வழியில் ஆறு ஒன்றைக் கடக்க வேண்டும். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘முதல் விதி. சந்தேகம் இருந்தால் இறங்காதே.’ இரண்டாம் விதி, பிரியாதே. எல்லாரும் ஒரே மூங்கிலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பக்கத்தில் இருப்பவளின் முழங்கையில் முழங்கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வருகிற பக்கத்து முனையில் பலசாலி நிற்க வேண்டும். அவள் உடம்பில் மோதி உடைந்த தண்ணீர்தான் மற்றவர்களுக்கு வரும்.

மைதானத்து மண்ணில் அதைப் பழகினோம். தண்ணீரே இல்லாத ஆற்றில் எட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்வதை, பட்டறைக்காரர்கள் மதில்மேல் கையூன்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். மூங்கிலில் அவரவர் இடத்துக்குச் சிவப்புப் பெயின்டால் வளையம் போட்டோம். முதல் வளையம் லீடருக்கு. இரண்டாவது ஒரு பெரிய பெண்ணுக்கு. மூன்றாவது எனக்கு. நான்காவது சின்னவளுக்கு. சின்னவள் ஏழாம் வகுப்பு, எலும்பும் தோலுமாக இருப்பாள். அழுது அடம்பிடித்துச் சேர்ந்தவள். டீச்சர் என்னிடம் சொன்னது இது: ‘உன் வேலை வேற ஒண்ணும் இல்ல. இவ கை உன் கைக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான்.’

லீடரை எல்லாரும் லீடர் என்றே கூப்பிட்டோம். எனக்கு ஒரு சாண் மேலே உயரம். நீளமான கை. டீச்சர் கொடுத்த விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாளே தவிர ஊதமாட்டாள், நாக்கை மடித்து அவளே அடிக்கிற சீழ்க்கை அதைவிடத் தூரம் கேட்கும். அவள் அப்பா பட்டறையில் வேலை, அம்மா மில்லில். அம்மாவுக்குச் சொந்த ஊர் நாங்கள் போகப்போகிற ஆற்றின் கரையில், நாங்கள் கடக்கிற இடத்துக்குச் சில மைல் கீழே. ஒவ்வொரு கோடை லீவும் அவள் அங்கேதான். டீச்சர் கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் எழுந்து சொன்னாள்.

“டீச்சர், ஆத்துல காலைத் தூக்கி வெக்கக் கூடாதுங்க. தேச்சுத் தேச்சுத்தான் போகோணும். தூக்குனா அது வாங்கிக்கும்.”

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் அதை எழுதிக்கொண்டார். அவர் நல்லவர்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

லீடரும் நானும் இரண்டு வருடம் ஒரே பெஞ்சு. ஆனால் அவள் வீட்டுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அவள் என் வீட்டு கேட்வரை வருவாள், நோட்டை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். ஏன் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் என் பெரியப்பாவின் தோட்டம். அப்பாவின் அண்ணன். டீச்சர் மலையடிவாரத்தில் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது, பெருமைக்கு நான்தான் ‘எங்க பெரியப்பா தோட்டம் இருக்குதுங்க டீச்சர்’ என்றேன். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவைப் பற்றி நீங்கள் தப்பாக நினைப்பீர்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் அப்பாவைவிட அவரைப் பிடிக்கும். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ங்க’ சேர்ப்பது வழக்கம்தான், அவரோ கன்றுக்குட்டியைக்கூட ‘தள்ளி நில்லுங்க’ என்பார். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜீப்போடு வந்து நின்றார். எட்டுப் பேரையும் பார்த்து, “வாங்க கண்ணுகளா, களைச்சுப் போயிருப்பீங்க” என்றார். அன்று பொழுதோடு வாழைத்தோப்பு ஓரத்தில் இலை போட்டுச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் அவரே பரிமாறினார். கட்டிலில் பவானி ஜமக்காளம் விரித்துத் தந்தார். உங்களில் ஒருத்தி, ‘எங்களுக்கும் இப்படி ஒரு பெரியப்பா இருக்கக்கூடாதா’ என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

‘ஆத்தைக் கடந்து பழக்கம் இருக்குதுங்களா’ என்று டீச்சர் கேட்டதற்கு அவர் சிரித்தார். “தண்ணியோடவே பொறந்து வளந்தவனுங்க நானு.” அது உண்மைதான். ஆனால் அவர் பழகியது வாய்க்கால் தண்ணீர். மடையைத் திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும், எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்று முறை உண்டு. காலமெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிற தண்ணீரோடு இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி வருகிற ஆற்றையும் அதே கண்ணால் பார்த்தார். இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கிற்று.

மறுநாள் காலையில் ஜீப் போகிற மட்டும் போய், பிறகு காட்டுத்தடத்தில் நடந்தோம். பெரியப்பா கைத்தடியோடு கூட வந்தார். ஆற்றைப் பார்த்தபோது எனக்குச் சப்பென்று இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. அகலமாக, அமைதியாக, அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் என்கிற மாதிரி. கரையில் நீர்மருத மரங்கள் வெள்ளைத் தண்டோடு ஆற்றுக்குள் சாய்ந்து நின்றன. லீடர் மட்டும் உடனே இறங்கவில்லை. மேலும் கீழும் நடந்து பார்த்தாள். குறுகின இடத்தை டீச்சர் காட்டியபோது, “அங்க ஆழமுங்க டீச்சர், அகலமான எடந்தான் ஏப்பை, ஆழங்கம்மி” என்று வேறிடம் காட்டினாள். ஒரு கல்லின் பக்கத்தில் குச்சி ஒன்றை நட்டாள். எதற்கு என்று கேட்டேன். “தண்ணி ஏறுனா இது சொல்லும்” என்றாள்.

மூங்கிலைப் பிடித்து இறங்கினோம். தண்ணீர் தொடைவரைதான், ஆனால் அந்தக் குளிர் எலும்பைத் தொட்டது. லீடர் மேல்முனையில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் “தேய்… நில்லு… தேய்… நில்லு” என்று குரல் கொடுத்தாள். என் வலக்கை இரண்டாவது வளையத்துக்காரியோடும் இடக்கை சின்னவளோடும் கோத்திருந்தது. பாதி ஆற்றில் இரண்டாவது வளையத்துக்காரி பயந்து பின்வாங்கினாள். லீடர் அவளைக் கடைசிக்கு அனுப்பிவிட்டு என்னைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் முழங்கை என் முழங்கையைப் பூட்டியது. அவள் உடம்பு தண்ணீரைத் தாங்குவது எனக்கு என் தோளில் தெரிந்தது. அக்கரை ஏறினதும் எட்டுப் பேரும் காரணமில்லாமல் சிரித்தோம். அதன் பிறகு அப்படிச் சிரித்த நினைவு எனக்கு இல்லை.

பெரியப்பா எங்களுக்குப் பின்னால் தடி ஊன்றி வந்தார். எங்களைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

மேலே ஒரு பாறையடியில் சுனை. அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பெரியப்பா செவ்வாழை உரித்துக் கொடுத்துக்கொண்டே லீடரிடம் பேச்சுக் கொடுத்தார்.

“கண்ணு, ஆத்தைப் பத்தி எல்லாம் நல்லாச் சொல்றீங்களே. எந்தூருங்க?”

“சிங்காநல்லூருங்க.”

“அது இப்ப. அம்மா ஊரு?”

அவள் சொன்னாள்.

“ஊருக்குள்ளயா, கீழ காலனிங்களா?”

“காலனிங்க” என்றாள். வாழைப்பழத்தை மென்றுகொண்டேதான் சொன்னாள். முகம் மாறவில்லை. அவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

“நல்லாப் படிக்கோணும் கண்ணு” என்றார் பெரியப்பா. எழுந்து சுனையில் கை கழுவினார். பிறகு டீச்சரை மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். டீச்சர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு ஆட்டவில்லை. நாங்கள் தங்கியிருந்தது அவர் தோட்டத்தில், வந்தது அவர் ஜீப்பில், சாப்பிட்டது அவர் வீட்டுச் சோறு. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது.

மூன்று மணி இருக்கும், ஆற்றுக்குத் திரும்பி வந்தோம். எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். மேற்கே மலை மட்டும் கருத்துக் கிடந்தது. ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. காலையில் சலசலத்தது, இப்போது தொண்டைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. கூழாங்கல் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் டீ நிறத்தில் வந்தது, சருகும் சுள்ளியும் மிதந்தன. லீடர் நட்ட குச்சியைக் காணோம்.

“டீச்சர், தண்ணி செவந்துபோச்சுங்க. மேல மழை” என்றாள் லீடர். “இப்ப எறங்கக் கூடாது. இங்கயே இருந்தா வடிஞ்சிரும்.”

“எப்ப வடியும்?” என்றார் டீச்சர்.

“தெரியாதுங்க. காலையிலயும் ஆகும்.”

பெரியப்பா சிரித்த முகம் மாறாமல் குறுக்கிட்டார். “காட்டுக்குள்ள பொம்பளைப் புள்ளைகள வெச்சுட்டு ராத்தங்கறதுங்களா டீச்சரம்மா? ஆனை தண்ணிக்கு வர்ற எடமுங்க இது. நாளைக்கு ஒண்ணுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? இன்னும் தொடைத் தண்ணிதான். பொழுது எறங்கறதுக்குள்ள தாண்டிப்போடலாமுங்க.”

டீச்சர் கரும்பலகையில் எழுதிய முதல் விதி எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

“எல்லாரும் ஒண்ணா வேண்டாமுங்க” என்றார் பெரியப்பா. “நாலு நாலா போலாம். எங்கூட்டுப் புள்ளையோட மூணு பேர நான் கூட்டிட்டுப் போறேன். மூங்கல அந்தக் கரையில இருந்து திருப்பி எடுத்துட்டு வாரேன். அப்பறம் நீங்க வாங்க.”

“பிரியக் கூடாதுங்க” என்றாள் லீடர். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

பெரியப்பா என் தோளைத் தொட்டு அவள் பக்கத்திலிருந்து நகர்த்தினார். நகர்த்தும்போது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “கையக் கோக்கறதெல்லாம் பாத்துக் கோக்கோணும் கண்ணு.” அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அர்த்தம் புரிந்தது. புரிந்துகொண்டேதான் சின்னவளின் கையை விட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இதோ அக்கரையில நிக்கிறேன்” என்றேன்.

மேல்முனையில் பெரியப்பா, அடுத்து நான், பிறகு மூன்று பேர். ஐந்து பேரும் மூங்கிலைப் பிடித்து இறங்கினோம். நடு ஆற்றில் தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. குரல் கொடுக்க யாரும் இல்லை, ஆளுக்கொரு பக்கம் அடி வைத்தோம். ஒரு மரக்கிளை வந்து பெரியப்பாவின் இடுப்பில் மோதிற்று, அவர் முனகினார். எப்படிக் கரையேறினோம் என்று எனக்குத் தெரியாது. ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் இறங்கிய இடத்துப் பாறை முழுகியிருந்தது.

பெரியப்பா மூங்கிலைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். மூங்கிலைத் திருப்பிக் கொண்டுபோக இனி முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது ‘அங்கேயே இருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லீடர் அக்கரையிலிருந்து அதையேதான் கத்தினாள். “நாங்க இங்கயே இருந்துக்கறமுங்க. காலையில வாறோம்.” சின்னவளைத் தூக்கி மேட்டில் உட்காரவும் வைத்துவிட்டாள்.

பெரியப்பா கத்தினார். “டீச்சரம்மா, இன்னும் எச்சாயிருமுங்க. கையக் கோத்துட்டு இப்பவே வந்துருங்க. நான் இருக்கறனுங்க.”

டீச்சர் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

அவர்கள் ஐந்து பேர். லீடர், சின்னவள், இன்னும் இரண்டு பேர், கடைசியில் டீச்சர். மூங்கில் இல்லாமல் கையைக் கோத்து வந்தார்கள். “தேய்… நில்லு” என்று அவள் குரல் இரைச்சலுக்கு மேல் கேட்டது. பாதி தாண்டிவிட்டார்கள். அங்கே சின்னவளின் கால் தரையை விட்டது. ஒரு பக்கம் லீடரின் பிடி இருந்தது, மறுபக்கம் என் இடத்தில் நின்றவளின் பிடி இறுகவில்லை. அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் ஒருநாளும் அந்த இடத்தில் நின்று பழகினவள் இல்லை. சின்னவள் இழுபட்டுப் போனாள். லீடர் அவளை விடாமல் கூடவே போனாள்.

கீழே சாய்ந்து நின்ற மருதமரத்தின் வேர்ப்பக்கம் இரண்டு தலையும் தெரிந்தன. லீடர் சின்னவளை இடுப்பைப் பிடித்து வேரின்மேல் தள்ளினாள். சின்னவள் வேரைக் கட்டிக்கொண்டாள். தள்ளின வேகத்தில் லீடரின் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தாள் என்று உங்களில் ஒருத்தி பிற்பாடு சொன்னாள். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் சத்தம்தான் கேட்டது.

பெரியப்பா கழுத்தளவு இறங்கிச் சின்னவளைப் பிடுங்கி எடுத்தார். அதையும் எழுத வேண்டும். டீச்சரும் மற்ற இருவரும் கரை சேர்ந்தார்கள். பெரியப்பா கரையோரம் ஓடினார், விழுந்தார், மறுபடி ஓடினார். திரும்பி வந்தபோது வேட்டி கிழிந்து முழங்காலில் ரத்தம்.

மறுநாள் காலையில் அவளை மீன்பிடிக்கிறவர்கள் கண்டெடுத்தார்கள். அவள் அம்மாவின் ஊர்த் துறையில்.

அதற்குள் பொய் தயாராகிவிட்டது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் சூடான பால் கொடுத்தார்கள். பெரியப்பாதான் பேசினார். “யாரும் பயப்படாதீங்க கண்ணுகளா. போன புள்ள திரும்பி வரப்போறதில்ல. உங்க டீச்சரம்மா சின்ன வயசு, வேலை போயிரும், ஜெயிலுக்குக்கூட அனுப்புவாங்க. பள்ளிக்கூடத்துக்கும் கெட்ட பேரு. அந்தப் புள்ள யாருக்கும் சொல்லாம குளிக்க எறங்குச்சு. அவ்வளவுதான். வேற எதுவும் யாரும் பாக்கல.” தன் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரிக்க வந்தவர் வாங்குபலகையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே எழுதினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆறு பேரும் சொன்னோம். எழுதினது சரிதானா என்று எனக்கு வாசித்துக் காட்டியபோது, “ஆமாங்க” என்றேன். சின்னவளுக்குக் காய்ச்சல். ஜமக்காளத்துக்குள் சுருண்டு கிடந்தாள், அவளை எழுப்பவில்லை. எட்டுப் பேரில் அந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் இரண்டே பேர், செத்தவளும் காய்ச்சல்காரியும்.

பள்ளிக்கூடம் திறந்தது. காலை வணக்கத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பெரியவர்கள் பேச்சுக்குக் கீழ்ப்படியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். டீச்சர் மேடைக்கு வரவில்லை, அடுத்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டார். நடைக்குழு என்ற வார்த்தையே பிறகு யார் வாயிலும் வரவில்லை.

அவள் இறந்த பதினைந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார். காலை ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்களில் நான்கைந்து பேர் குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நீதான் கண்ணு பக்கத்துல ஒக்காருறவ?”

“ஆமாங்க.”

“எம்பட புள்ள குளிக்கவா எறங்குனா?”

நான் என் செருப்பைப் பார்த்தேன். “ஆமாங்க” என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். “செவந்த தண்ணியில எங்க சனம் காலு நனைக்காது கண்ணு. பொறந்த கொழந்தைக்கும் அது தெரியும்.”

பெல் அடித்தது. “வகுப்புக்குப் போகோணுங்க” என்றேன். அவர் என் தலையில் கை வைக்கப்போய், பாதியில் எடுத்துக்கொண்டு, போய்விட்டார். நான் குழாயடிக்கு வந்தேன். என்ன கேட்டாங்க என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவினோம்.

அடுத்த கோடையில் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். கிணற்றடி முருங்கையில் பெரியம்மா காய் பறித்துக்கொண்டிருந்தார். கையில் நுனியில் அரிவாள் கட்டிய நீள மூங்கில். சிவப்பு வளையங்கள் அப்படியே இருந்தன. “நல்ல மூங்கலு, வீணாப் போகக் கூடாதுன்னு உங்க பெரியப்பாதான் கட்டிக் குடுத்தாரு” என்றார் பெரியம்மா. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அன்று முருங்கைக்காய்க் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டேன்.

பெரியப்பா நெடுங்காலம் இருந்தார். ஆற்றைப் பற்றி யாரும் அவரிடம் பேசினதில்லை. எல்லாரிடமும் மரியாதையாகவே இருந்தார். கடைசியாகக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் நான் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டார்.

“கண்ணு, அந்தப் புள்ள பேரென்ன?”

எந்தப் புள்ளை என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடமும் அவருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னேன். உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதை வருத்தம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். வலியாகவும் இருந்திருக்கலாம்.

அவர் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதைத் தைரியம் என்று சொல்வது தப்பு. பயப்பட ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். விசாரித்துக்கொண்டு போனேன். மில் மூடின பிறகு அவள் அம்மா ஆற்றங்கரை ஊருக்கே திரும்பிவிட்டிருந்தார். இப்போது வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. அவள் தம்பி மகன் காலேஜில் படிக்கிறான். அந்த அம்மா வாசலில் நிழலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் காரை விட்டு இறங்கியதும் எழுந்து நின்றார்.

“வாங்க அம்மணி” என்றார். நாற்காலி எடுத்துப் போட்டார். நான் யார் என்று சொன்னேன்.

“தெரியுதுங்க” என்றார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாறையடியில் கேட்ட கேள்வி, பெரியப்பா என் காதில் சொன்னது, நான் சின்னவளின் கையை விட்டது, பால் டம்ளர், விசாரிக்க வந்தவரிடம் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. மொச்சையை உரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

முடித்ததும், “எனக்கு அப்பவே தெரியுமுங்க” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“அந்தச் சின்னப் புள்ளைய அவங்கப்பன் காச்சலோட தூக்கிட்டு வந்தாருங்க. எட்டாம் நாளு. அது எம்மடியில ஒக்காந்து ஒண்ணு விடாமச் சொல்லிப்போடுச்சு. எம்புள்ள அதைத் தள்ளி விட்டதையும் சொல்லுச்சு. வருசாவருசம் அந்தப் புள்ள வந்து பாத்துட்டுத்தான் போகுது. எந்தப் பக்கம் போய்ச் சொல்றதுங்க? எழுதறவங்க எல்லாம் உங்கூட்டுக் கூடத்துல ஒக்காந்து எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“அப்பறம் எதுக்கு…” என்று தொடங்கினேன். எட்டாம் நாள் தெரியும் என்றால், பதினைந்தாம் நாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னிடம் ஏன் கேட்டார் என்று கேட்க வந்தேன். கேட்க முடியவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

“எம்புள்ள எப்பவும் உங்களப் பத்தியேதான் பேசுவாளுங்க. ‘அவ என்னைய விட்டுக்குடுக்க மாட்டாம்மா’ன்னு சொல்லுவா. அதாங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

மொச்சைத் தோலை முந்தானையில் அள்ளிக்கொண்டு எழுந்தார். “வெயில் ஏறிருச்சுங்க. கெளம்புங்க” என்றார்.